குறை எதுவும் காணப்படவில்லை

நான் வேலை பார்த்த கம்பெனி ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதையாக இருக்கலாம், மறதியாகவும் இருக்கலாம். போன மாதம் அதில் ஒரு வீடியோ வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு நாலு சக்கர வண்டி, தலையில் விளக்கும் கேமராவும் மாட்டிக்கொண்டு, ஒரு பழைய வீட்டின் ஏ.சி. டக்டுக்குள் ஊர்ந்து போகிறது. அது பார்ப்பதையெல்லாம் வீட்டுக்காரர் கீழே சோபாவில் உட்கார்ந்தபடி தன் போனில் பார்க்கிறார். வீடியோவுக்கு அடியில் ஒருவன் எழுதியிருந்தான்: "வின்சென்ட் அண்ணே, இது இல்லாம நீங்கல்லாம் கண்ணக் கட்டிக்கிட்டா வேலை பாத்திய? உங்க அனுபவத்த எழுதுங்க."

எழுதுகிறேன். கண்ணெல்லாம் எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது, தம்பி. வாயைத்தான் கட்டிக்கொண்டோம்.

டக்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தகரத்தில் செய்த சதுரக் குழாய். கூரைக்கும் அதன் கீழே அழகுக்காக அடித்த பொய்க்கூரைக்கும் நடுவே ஓடும். மாடியில் இருக்கிற பெரிய மெஷின் குளிர்ந்த காற்றை அதன் வழியாக ஒவ்வொரு அறைக்கும் தள்ளும். அறையில் இருக்கிற காற்றை இன்னொரு டக்ட் வழியாகத் திரும்ப உறிஞ்சும். வீட்டுக்காரர்கள் கண்ணுக்குத் தெரிவது கூரையில் இருக்கிற கிரில் மட்டும். அதைத் துடைத்துவிட்டால் ஏ.சி. சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டால் குடல் சுத்தமாகுமா?

இந்த வேலையை நான் கல்ஃபில் கற்றேன். எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. அப்பா மீன் பிடிக்க வள்ளத்துக்குப் போனார், நான் விமானத்துக்குப் போனேன். பதினாறு வருடம், அங்கே ஒரு நகரத்தின் பழைய வீடுகளின் கூரைக்குள் தவழ்ந்தேன். பூனை எலும்பு, பிள்ளைகள் கிரில் வழியாகப் போட்ட பென்சில், வீட்டு எஜமானி ஒளித்து வைத்த சிகரெட், ஒரு பல் செட், எல்லாம் எடுத்திருக்கிறேன். ஒரு வீட்டைச் சரியாகத் திறந்து பார்த்தால் அந்த வீட்டில் யார் யாருக்குத் தெரியாமல் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அங்கே கற்ற பாடங்களில் முதலாவது, வெளிக்காற்று வரும் வாயை ஒருநாளும் அடைக்கக் கூடாது என்பது. மாடியில் ஒரு தகரக் குடை போல நிற்கும். அது வழியாகக் கொஞ்சம் புதுக்காற்று உள்ளே வந்து பழைய காற்றோடு கலக்க வேண்டும். அடைத்தால், விட்ட மூச்சையே வீடு திரும்பத் திரும்ப இழுக்கும்.

முட்டி தேய்ந்ததும் ஊருக்கு வந்தேன். அந்த நேரம் நாகர்கோவிலில் இந்த வேலைக்கு ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். கல்ஃப் காசில் ஒரு காலத்தில் கட்டிய பெரிய வீடுகள் பல, முதலாளி வீட்டில் பார்த்த மாதிரியே வேண்டும் என்று கூரைக்குள் டக்ட் போட்டவை. கட்டி இருபது வருடம் தாண்டியிருந்தது. ஒரு தடவைகூட யாரும் உள்ளே எட்டிப் பார்த்திருக்கவில்லை.

கம்பெனியை நடத்தியவர் தாணுமாலயன். நாங்கள் தாணு சார் என்போம். பூதப்பாண்டிப் பக்கம் வயல் உள்ள குடும்பம். அவரைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும், அது எனக்குச் சிரமம். பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பார். வேலையில் பயங்கரக் கறார். முதலில் எல்லாக் கிரில்லையும் பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூட வேண்டும். பிறகு டக்டின் ஒரு முனையில் உறிஞ்சும் மெஷினை மாட்ட வேண்டும். அது இழுக்கிறதா என்று ஒரு நூலைக் காட்டிப் பார்த்த பிறகே பிரஷ் உள்ளே போக வேண்டும். தகரத்துக்கு நைலான் பிரஷ். உள்ளே கண்ணாடிப் பஞ்சு ஒட்டியிருந்தால் பிரஷ்ஷே கூடாது, பஞ்சு பிய்ந்து வீடெல்லாம் பறக்கும். முடிந்ததும் வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பார்ப்பார். துணி சாம்பல் நிறமானால் ஒன்றும் பேசமாட்டார். துணியை மடித்து நம் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போவார். அந்தத் துணியோடு மறுபடி உள்ளே போக வேண்டியதுதான்.

இன்னொன்றும் அவர் வைத்த சட்டம். டக்டில் எங்கே ஓட்டை போட்டு மூடினாலும், மூடிய டேப் மேல் மூடியவன் பெயரின் முதல் எழுத்தும் தேதியும் எழுத வேண்டும். "நாளைக்கு ஒரு குத்தம் வந்தா ஆரு செஞ்சதுன்னு தெரியணும் பாத்துக்கிடும்" என்பார். நல்ல சட்டம். நான் இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் அந்த மனிதர் வேறு ஆள். ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியர் வீட்டில், படுக்கை அறைக்கு நேர் மேலே, காய்ந்துபோன எலி ஒரு குடும்பமே கிடைத்தது. நான் அதைத் தாளில் வைத்துப் பேராசிரியரிடம் காட்டப் போனேன். தாணு சார் நடுவழியில் என்னை மறித்து, சிரித்துக்கொண்டே தாளை வாங்கி, கறுப்பு உறையில் போட்டு, பிரஷ் பெட்டிக்குள் வைத்தார். ரிப்போர்ட்டில் "அந்நியப் பொருள் அகற்றப்பட்டது" என்று எழுதினார். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார்.

"ஓய் வின்சென்ட், ஒரு வீட்டுக்குள்ள நிக்கும்போ எலின்னு சொல்லப்பிடாது, நோய்னு சொல்லப்பிடாது. தூசின்னு சொல்லும். தூசிக்காக ஆரும் கோர்ட்டுக்குப் போவமாட்டான்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பிற்பாடு அழுதேன் என்று சொன்னால் வசனம் மாதிரி இருக்கும். அழவில்லை. அதைவிடக் கேவலமாக, பழகிப்போனேன்.

இனி ஆன்றோவின் வீடு.

ஆன்றோ எங்கள் பக்கத்துக் கடற்கரைக்காரன். பெரிய கப்பல் கம்பெனியில் கல்ஃபில் வேலை. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் கட்டிய பழைய வீட்டை வாங்கினான். அம்மா ரோசம்மா, மனைவி ஜெசிந்தா, கல்யாணத்துக்கு நின்ற ஒரு தங்கை எல்லோரும் கடற்கரையை விட்டு அங்கே வந்தார்கள். வந்த புதிதில் டக்ட் சுத்தம் செய்ய எங்களைக் கூப்பிட்டான். போன இடத்தில் ஊர்க்காரன் என்று தெரிந்ததும் எனக்கு மீன் பொரித்துச் சோறு போட்டார்கள். ரோசம்மாவுக்கு என் அம்மாவையே தெரிந்திருந்தது.

அந்த அம்மாள் நாற்பது வருடம் மீன் விற்றவர். டவுனுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் குளச்சல் ஆட்கள் நெத்திலி கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை மாடியில் வலை விரித்துக் காயப்போடுவார். வெளிக்காற்று வாங்கும் தகரக் குடை அந்த வலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஹாலில், படுக்கை அறையில், செபம் சொல்லும் சொரூபத்தின் முன்னால், எங்கும் கருவாட்டு மணம். எங்களுக்கு அது மணம். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பெண் பார்க்க வர இருந்தவர்களுக்கு அது நாற்றம். மாப்பிள்ளை வீட்டார் கடலோரம் அறியாத உள்நாட்டுக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நாங்கள் சாமான் கட்டும்போது ஆன்றோ என்னை மாடிக்குக் கூட்டிப்போனான்.

"அண்ணே, இத ஒண்ணு அடைச்சுத் தாங்க."

"இது அடைக்கப்பிடாது மக்கா. கருவாட்ட அந்தப் பக்கமா மாத்திப் போடச் சொல்லு அம்மைட்ட."

"சொன்னேன் அண்ணே. 'எனக்க மீனு நாறுதுன்னா நான் கடப்புறத்துக்கே போறேன், நீ உன் டவுனு வீட்டுல இரி'ன்னு பெட்டி எடுத்துட்டா. நான் செவ்வாக்கிழமை போணும். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் போதும். திங்கக்கிழமை வந்து எடுத்துருங்க."

குடையை வேறு பக்கம் மாற்றலாம், வாசனை பிடிக்கும் வடிகட்டி போடலாம். எல்லாம் ஆர்டர் எழுதி, தாணு சார் பார்த்து, பத்து நாள் ஆகிற வேலை. ஒரு பெண்ணின் கல்யாணக் காரியம், அதுவும் ஒரே கடற்கரை. நான் ஒரு தகரத் துண்டை வெட்டி வாயில் வைத்து, ஓரத்தில் சிலிக்கான் பூசி, டேப் ஒட்டினேன். பழக்க தோஷம், டேப் மேல் வி என்று எழுதித் தேதியும் போட்டேன். ஆர்டரில் அது ஏறவில்லை.

பெண் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. திங்கட்கிழமை நான் மார்த்தாண்டத்தில் வேறு வேலையில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை ஆன்றோ, நான் எடுத்திருப்பேன் என்று நம்பி, போய்விட்டான். புதன்கிழமை எனக்கு மறந்துவிட்டது. இதில் வேறு ரகசியம் எதுவும் இல்லை. ஒரு மனிதன் மறந்தான்.

மூன்றரை வருடம் கழித்துத் தாணு சார் ஒரு ஆர்டரை என் கையில் தந்தார். அதே வீடு. "உம்ம ஊரு ஆளுகதான். மருமவளுக்கு மூச்சுக் கோளாறாம். அவளுக்க மாப்பிள்ள கல்ஃபுல இருந்து போன் பண்ணினான். வீட்டுல குத்தம் இருக்கா இல்லியான்னு எழுத்துல வேணுமாம்" என்றார்.

ஜெசிந்தாதான் கதவைத் திறந்தாள். நான் முன்பு பார்த்தபோது படிகளில் ஓடி இறங்கிக்கொண்டிருந்த பெண். இப்போது ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினாள். கையில் உறிஞ்சு மருந்துக் குப்பி. நைட்டி தோள் எலும்பில் தொங்கியது. உள்ளே ரோசம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வா மக்கா வின்சென்ட். நீ பாத்துச் சொல்லு. இந்த வீட்டுல நான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல. இவளுக்கு மட்டும் மூச்சு முட்டுது. அம்மை வீட்டுக்குப் போனா மூணே நாளுல சொகம். திரும்பி இந்த நடைய மிதிச்சா உடனே வந்திரும். உனக்குப் புரியுதா இல்லியா?"

புரிந்தது. கணவன் வெளிநாட்டில் இருக்க, மாமியாரோடு இருக்கப் பிடிக்காத பெண், அம்மா வீட்டுக்குப் போக ஒரு சாக்கு. அந்தத் தெருவே அப்படித்தான் பேசியது என்று பிறகு தெரிந்தது. டாக்டர் ஒவ்வாமையாக இருக்கலாம், ஏ.சி.யைப் பாருங்கள் என்றிருக்கிறார். 'லாம்' என்று டாக்டர் சொன்னதை வைத்து ரோசம்மா எதையும் ஒத்துக்கொள்வதாக இல்லை. ரிப்போர்ட் வரட்டும் என்றார். குற்றம் இருந்தால் வீட்டையே மாற்றுவது, இல்லையென்றால் மருமகள் இனி அம்மா வீட்டுப் படி மிதிப்பது பெருநாளுக்கும் துக்கத்துக்கும் மட்டும். ஆன்றோவும் அதற்குச் சம்மதித்திருந்தான். ஆக, ஒரு பெண் பொய் சொல்கிறாளா இல்லையா என்று தீர்ப்பு எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் கிரில் மூடிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, எதாவது இருந்தா மறைக்காமச் சொல்லுங்க. ஒண்ணும் இல்லேன்னா அதையும் சொல்லிருங்க. எல்லாரும் சொல்லுததக் கேட்டு, எனக்கே இப்ப கொழப்பமா இருக்கு."

"சொல்லுதேன் பிள்ளே" என்றேன்.

அறைகளுக்குப் போகிற டக்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரணத் தூசி, ஒரு பல்லி. என்னோடு வந்த ராஜன், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இதே வேலையில் இருப்பவன், "ஒண்ணும் கிடையாதே அண்ணே" என்றான். திரும்ப உறிஞ்சும் டக்டைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. பல மாதம் ஈரத்தில் கிடந்த சாக்கின் வாடை. வாடை வந்த திசையில் மாடி ஏறினேன்.

நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தகரக் குடை. அதன் வாயில் என் தகரம். வெயிலில் சிலிக்கான் வெடித்திருந்தது. டேப் நிறம் மாறியிருந்தது, எழுத்து மாறவில்லை. வி. அந்த வெள்ளிக்கிழமையின் தேதி.

பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பெயர்த்தேன். மூன்று மழைக்காலத்துத் தண்ணீர் வெடிப்பு வழியாக உள்ளே போயிருக்கிறது. காற்று ஓடுகிற டக்டில் நனைந்தது காய்ந்துவிடும். காற்றை நான் நிறுத்தியிருந்தேன். அந்த வளைவுக்குள் ஒட்டியிருந்த கண்ணாடிப் பஞ்சு முழுவதும் ஊறி, கறுத்து, பூசணம் பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டதும் கறுப்புப் பொடி எழுந்தது. அதன் மறுமுனை உறிஞ்சும் டக்டோடு சேர்கிறது. மெஷின் ஓடிய ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வீட்டுக்குள் விட்டிருக்கிறது. ரோசம்மா பகலெல்லாம் மாடியிலும் பின்கட்டு அடுப்படியிலும் நல்ல காற்றில் இருந்தார். தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள். ஜன்னல் சாத்திய அறையில் இருந்து தைத்துக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான்.

தாணு சாருக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கைக்குட்டை. ரோசம்மாவிடம் சுகம் விசாரித்துவிட்டு மாடி ஏறினார். குனிந்து பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்தார். பிறகு அந்த டேப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ஆருக்க எழுத்து வே?"

"எனக்க எழுத்துதான் சார்."

"ஆர்டர்ல இருந்துதா?"

"இல்ல சார். ஊர்க்காரன் கேட்டான். ஒரு நாளைக்குன்னு..."

கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கத்தில், அந்தக் கைப்பிடிச் சுவரில், சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"சரி. இப்ப என்ன வேணும்? அந்தப் பிள்ளைக்குச் சொகமாவணும். அவ்வளவுதான? இந்தப் பஞ்ச அள்ளி எடும். மருந்து போட்டுத் துடையும். வாய்க்குப் புது வலை வச்சுக் காத்த விடும். ஒரு மாசத்துல சொகமாயிரும். பெறவு எழுத்து எதுக்கு வே?"

"அவங்க எழுத்துதான் சார் கேக்குதாவ."

"எழுதணும்னா எழுதும். நான் தடுக்கமாட்டேன்." எழுந்து சட்டையைத் தட்டினார். "உள்ளது உள்ளபடி எழுதும். மூணரை வருசமா ஒரு பொம்பளையோட நெஞ்சுல பூசணம் ஏத்தினது இன்னாருன்னு, உம்ம பேர எழுதிக் கையெழுத்துப் போடும். கடப்புறத்துல உம்ம பேரு நல்ல பேருல்லா."

அவர் இறங்கிப் போய்விட்டார். என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையை எங்கள் ஆட்களிடம் சொன்னால், தாணு சார் மிரட்டினார் என்று என் சார்பில் எடுத்துக்கொள்வார்கள். அவர் மிரட்டவில்லை. என் பயத்தை என்னிடமே எடுத்துக் கொடுத்தார்.

பஞ்சை அள்ளிக் கறுப்பு உறைகளில் கட்டினேன். ராஜனைத் தொட விடவில்லை. மூன்று தடவை மருந்திட்டுத் துடைத்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. உறைகளைப் பின்படி வழியாக வண்டியில் ஏற்றினேன். பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன்: "டக்ட் முழுவதும் பரிசோதிக்கப்பட்டது. குறை எதுவும் காணப்படவில்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் ஒரு பெண்ணின் மூச்சை ஒரு வரியில் மறைத்தேன். மறைத்தபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டது, இனி அவளுக்குச் சுகமாகிவிடும், சுகமான பிறகு யார் எதைக் கேட்கப்போகிறார்கள் என்பதுதான்.

ரோசம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து அந்தத் தாளை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"ஏட்டி, கேட்டியா? மெஷினு வச்சுப் பாத்து எழுதியிருக்கு. இனி என்ன சொல்லப் போற?"

ஜெசிந்தா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நல்லாப் பாத்தியளா அண்ணே?" என்று கேட்டாள்.

"பாத்தேன்" என்றேன்.

அவளுக்குச் சுகமாயிற்று. அதுதான் இந்தக் கதையின் கொடுமை. மூன்று வாரத்தில் இருமல் குறைந்தது, இரண்டு மாதத்தில் குப்பியைத் தூக்கிப் போட்டாள். ஆன்றோ கல்ஃபிலிருந்து எனக்கு நன்றி சொல்லப் போன் செய்தான்.

"அண்ணே, உங்க ரிப்போர்ட்டு வந்த பெறவு அவளுக்கு ஒரு கேடும் இல்ல. படியேறுதா, பாட்டுப் பாடுதா. அம்மை சொன்னது சரிதான், பாத்தியளா? கள்ளம் பிடிபட்ட உடனே சூக்கேடு ஓடிப்போச்சு."

நான் வாய் திறக்க வேண்டிய நேரம் அது. அந்தத் தாளை எழுதும்போது இப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் குற்றம் இல்லை என்று எழுத்து இருக்கிறது; எழுத்து வந்ததும் நோய் போய்விட்டது; ஆகவே நோயே பொய். எந்த வக்கீலாலும் உடைக்க முடியாத வழக்கு. நான் அவளைக் குணப்படுத்தியதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சொகமா இருந்தாச் சரி மக்கா" என்றேன்.

அதன்பிறகு அந்தத் தெருவில் அவளுக்கு 'நடிகை' என்று பெயர் விழுந்ததாக ராஜன் சொன்னான். அங்கே அவனுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். நான் ஐந்து வருடம் வேறு வீடுகளில் டக்ட் சுத்தம் செய்தேன். ஓய்வு பெற்ற நாளில் பொன்னாடை போர்த்தி, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் தாணு சார் என்னைப் பற்றிப் பேசும்போது, "வின்சென்ட் எழுதின ரிப்போர்ட்டுல ஒரு குத்தம் வந்ததில்ல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

போன மாதம் அந்தக் கேமரா வீடியோவைப் பார்த்தபோது, இப்படி ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் ஜெசிந்தாவே எல்லாவற்றையும் போனில் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. அடுத்த நாள் கருங்கலில் பஸ் ஏறி நாகர்கோவில் போனேன். ரோசம்மா போன வருடம் இறந்துவிட்டார் என்பது அந்த வீட்டு ஹாலில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆன்றோ இன்னும் கல்ஃபில். ஜெசிந்தா இரண்டு தையல் மெஷின் போட்டு, இன்னொரு பெண்ணையும் வேலைக்கு வைத்திருந்தாள். அந்தப் பெண்ணைக் காப்பி போட உள்ளே அனுப்பினாள். நான் காப்பி வரும்வரை காத்திருக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், டேப், பஞ்சு, தாணு சார், அந்த ஒரு வரி. சொல்லிவிட்டு அவள் என்னைத் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். திட்டு வாங்கத்தான் போயிருந்தேன்.

அவள் கையிலிருந்த துணியின் ஓரத்தை நீவினாள்.

"அப்ப நெசமாவே முட்டிச்சா?" என்று கேட்டாள்.

"நெசம்தான் பிள்ளே."

"நான் கண்ணாடி முன்னால நின்னு இருமிப் பாத்திருக்கேன் அண்ணே. இருமலா வருதா, நான் வரவைக்கேனான்னு. பெறவு சொகமான உடனே எனக்கே தோணிற்று, நான் நடிச்சுத்தான் இருக்கேன்னு. வீட்டுல ஒண்ணும் இல்லேன்னு எழுதியிருக்கே. நீங்க ஊர்க்காரரு, பொய் எழுதுவியளா?"

அவள் துணியை மடித்து மெஷின் மேல் வைத்தாள்.

"ஈஸ்டருக்கு முந்தி, தவசு காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சூக்கேடுன்னு பொய் சொல்லி, கெட்டினவனையும் மாமியையும் கஷ்டப்படுத்தினேன்னு சாமியாருட்டச் சொன்னேன். ஒரு மாசம் தெனமும் செபமாலை சொல்லு, மாமியிட்ட மாப்புக் கேளுன்னாரு. சொன்னேன். கேட்டேன்." சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். "கால்ல விழுந்துதான் கேட்டேன். மாமி அழுதாவ. மன்னிச்சாச்சு மக்கா, எழும்புன்னு சொன்னாவ. அதுக்குப் பெறவு சாவுத வரைக்கும் என்கிட்ட அன்பாத்தான் இருந்தாவ."

காப்பி வந்தது. அவள் தம்ளரை என் கையில் எடுத்துக் கொடுத்தாள். ஆன்றோவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணே" என்றாள். "அவங்க அம்மைய நெனச்சு அழுவாரு. எல்லாம் மன்னிச்சு முடிஞ்ச காரியம்."

தம்பிகளே, நீங்கள் கேட்ட அனுபவம் இதுதான். அங்கிருந்து திரும்பும்போது எங்கள் ஊர்க் கோயிலில் இறங்கி நானும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று நினைத்தேன். கோயில் வாசல் வரை போனேன். உள்ளே போய் எதைச் சொல்ல? அந்தப் பாவத்தை ஏற்கெனவே ஒருத்தி சொல்லி, செபமாலையையும் முடித்து, காலில் விழுந்து மன்னிப்பும் வாங்கிவிட்டாள்.